ஒரே பெட்டியில் இரண்டு விண்ணப்பங்கள்

பாலக்கரை, திருச்சி
12 ஜூன் 2024, புதன்

ராணி அக்காவுக்கு,

நம் வீட்டில் யார் கடிதம் எழுதினாலும் மேலே ‘மரியே வாழ்க’ என்று போட்டுத்தான் தொடங்குவோம். நான் போடவில்லை. கோபமாக இருக்கும்போது அதை எழுதினால் பொய் சொல்வது மாதிரி இருக்கிறது.

நானாக எழுத உட்காரவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, “எழுதுடி கேத்தி, பொண்ணு அங்க ஒத்தையா கெடக்கு” என்றாள். கன்னியர் மடத்தில் உன்னோடு இன்னும் ஏழு பேர் இருக்கிறார்களே என்றேன். “ஏழு பேர் இருந்தா? தங்கச்சின்னு ஒருத்தி இருக்காளா?” என்றாள். பேனாவை எடுத்துவிட்டேன்.

பள்ளி திறந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப் கிடைத்திருக்கிறது. இன்னொரு செய்தியும் உண்டு. கோயிலில் நீ செய்துகொண்டிருந்த விண்ணப்பம் வாசிக்கும் வேலை இப்போது எனக்கு வந்துவிட்டது. நீ போன பிறகு மூன்று வருடம் ஒரு டீச்சர் செய்தார். அவருக்கு மணப்பாறைக்கு மாற்றல். ஜோஸ் ஃபாதர் என்னைக் கூப்பிட்டு, “உங்க அக்கா நல்லா செஞ்சா. நீயும் புஸ்தகப் புழுதானே, எல்லார் கையெழுத்தையும் படிச்சிடுவ” என்று விண்ணப்பப் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

இன்றுதான் எனக்கு முதல் புதன்கிழமை. சகாய மாதா நவநாள் செபத்துக்கு முன்பு பீடத்துக்குப் பின்னால் சாக்ரிஸ்தி அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். எழுபத்தொரு கடிதங்கள். மருந்துச் சீட்டின் பின்புறம், காலண்டர் தாள், கிழித்த சிகரெட் அட்டை. எல்லாவற்றையும் படித்துப் பத்தை மட்டும் எடுத்து, பெயரை நீக்கி, ‘ஒரு தாய்’, ‘ஒரு மாணவன்’ என்று மைக்கில் வாசிக்க வேண்டும். வையம்பட்டியிலிருந்து வீரமலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் இந்து. மூன்றாவது போர்வெல்லிலும் தண்ணீர் வரவில்லையாம். வீட்டு எண், தெரு, பின்கோடு எல்லாம் போட்டிருக்கிறார். மாதா வழி தெரியாமல் அலையக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. அவருடையதைப் பத்தில் ஒன்றாக வாசித்தேன்.

எனக்கு நிறையச் சந்தேகம். வாசிக்காத அறுபத்தொரு கடிதங்கள் என்ன ஆகும்? வாசித்தால்தான் மாதாவுக்குக் கேட்குமா? நீ இதை யோசித்திருக்கிறாயா, இல்லை சும்மா வாசித்துவிட்டு வந்தாயா?

அப்பாவுக்கு இடது கால் கட்டைவிரலை எடுத்ததிலிருந்து அவர் பள்ளி வேன் ஓட்டுவதில்லை. கிளட்ச் மிதிக்க அந்தக் கால்தான் வேண்டும். அம்மா துணிக்கடையில் காலை பத்திலிருந்து நின்றுவிட்டு வந்து கால் வீங்கிப் படுக்கிறாள். நீ வங்கி வேலையை விடாமல் இருந்திருந்தால் என்று நான் நினைப்பது தப்பா?

கேத்தரின்

---

மரியே வாழ்க

ஸ்ரீரங்கம்
30 ஜூன் 2024, ஞாயிறு

அன்புத் தங்கை கேத்திக்கு,

மாதத்தின் கடைசி ஞாயிறுதான் எங்களுக்குக் கடிதம் எழுதும் நாள். அதனால் இத்தனை நாள் பொறுத்திருந்தேன். நல்ல பொறுமை என்று சொல்ல முடியாது.

அப்பாவின் விரலை எடுத்தது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு வரும் கடிதங்களை, பயிற்சியில் இருக்கும் நவகன்னியருக்குப் பொறுப்பாளரான ஜெசிந்தா சிஸ்டர் முதலில் படிப்பார். உன் கடிதத்தையும் படித்திருந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காந்து படிம்மா” என்று கொடுத்தார். ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகுதான் புரிந்தது.

எப்போது நடந்தது? சர்க்கரையாலா? புண் ஆறிவிட்டதா? கட்டு யார் மாற்றுகிறார்கள்? பொங்கலுக்கு எல்லோரும் வந்தபோது அப்பா நன்றாகத்தானே நடந்தார்? அம்மாவின் இரண்டு கடிதங்களிலும் ‘இங்கு அனைவரும் நலம்’ என்று இருந்தது. இதைப் படித்ததும் எல்லாவற்றையும் விவரமாக எழுது. அழகாக எழுத வேண்டாம்.

வங்கி வேலையைப் பற்றி நீ நினைப்பது தப்பில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் நினைக்கிறேன். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்த நாளில், எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு. கன்னியராக வாழ்வோம் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. வடக்கே எங்கேயாவது இருக்கலாம். அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

வாசிக்காத கடிதங்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விதிதான்: கையெழுத்தைப் பார்க்காதே. யார் எழுதியது என்று கண்டுபிடிக்க நினைக்காதே. கண்டுபிடித்துவிட்டால் மறந்துவிடு. நம் கோயிலில் எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள். அந்தப் பெட்டியை நம்பித்தான் எழுதுகிறார்கள்.

ராணி

---

பாலக்கரை
17 ஜூலை 2024, புதன்

அக்கா,

முதலில் ஜெசிந்தா சிஸ்டருக்கு: சிஸ்டர், இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். இதில் ஒரு பாவம் இருக்கிறது. ஃபாதரிடம் சொல்வதற்கு முன்பு அக்காவிடம் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று அம்மா என்னை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டாள். “ஊருக்கெல்லாம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், நீ ஒரு தபால்ல போட்டு உடைச்சிட்டியே” என்றாள். அப்பாதான் நடுவில் புகுந்தார். “விடு செல்வமேரி. வேளாங்கண்ணியில வெள்ளிக் கால் வாங்கிப் போடறேன்னு நேர்ந்துக்கிட்டு மூணு வருசமா போகல. மாதா பாத்தாங்க, விரலையே எடுத்துக்கிட்டாங்க” என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக அவரையும் திட்டினாள்.

நீ கேட்டவை: ஏப்ரல் கடைசியில் எடுத்தார்கள். சர்க்கரைதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றுகிறோம். புண் மெதுவாக ஆறுகிறது. அடுத்த விரலும் கொஞ்சம் கறுத்திருக்கிறது, பார்க்கலாம் என்கிறார் டாக்டர். இப்போது அப்பா அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை பார்க்கிறார். எல்.கே.ஜி. பிள்ளைகள் அவரை ‘ஆயா தாத்தா’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் அவமானமாக இருந்தது என்றார். இப்போது யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பதுவரை வீட்டில் வந்து சொல்கிறார்.

இப்போது பாவம். ஜூன் 26 அன்று நானே ஒரு கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டேன். இடது கையால் எழுதினேன், யாருக்கும் தெரியக் கூடாது என்று. ‘வீட்டை விட்டுப் போன மூத்த மகள் திரும்பி வர வேண்டும்.’ பிறகு நானே அதை எடுத்து மைக்கில் வாசித்தேன். அறுநூறு பேர் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த வாரமும் போட்டேன். அதற்கடுத்த வாரமும்.

அந்த மூன்றாவது வாரம் பெட்டியில் ஒரு துணிக்கடை அட்டை இருந்தது. சட்டைக்குள் வைத்து மடிப்பார்களே, அந்த அட்டை. ‘என் மூத்த மகள் எடுத்த முடிவில் தடுமாறாமல் நிலைக்க வேண்டும். எங்கள் கஷ்டம் அவளைப் பின்னால் இழுக்கக் கூடாது.’ கையெழுத்தைப் பார்க்காதே என்றாய். நான் பார்ப்பதற்கு முன்பே கண் பார்த்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கை அது.

என்னுடையதை வாசித்தேன். அம்மாவுடையதை எடுத்து என் அட்லஸுக்குள் வைத்துவிட்டேன். இன்றும் வாசிக்கவில்லை.

திருடினேன் என்று தெரிகிறது. ஆனாலும் என் சந்தேகத்துக்குப் பதில் சொல். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே பெட்டியில், ஒன்றுக்கொன்று எதிராகக் கேட்டால் மாதா யார் பக்கம் நிற்பார்? யாராவது ஒருவர் தோற்கத்தானே வேண்டும்?

இன்னொன்று. போன சனிக்கிழமை கலைமதி வீட்டுக்கு ஸ்ரீரங்கம் வந்தேன். என் வகுப்புத் தோழி. அவள் வீட்டிலிருந்து உன் மடம் பத்து நிமிட நடைதான். கேட் கம்பி வழியாகப் பார்த்தேன். நீ கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். முதுகுதான் தெரிந்தது. பாடிக்கொண்டிருந்தாய். நீ பாடி நான் கேட்டதே இல்லை. கலைமதி, “கூப்பிடேன்டி, அக்காதானே” என்றாள். கம்பியிலிருந்து கையை எடுத்தேன். திரும்பி நடந்துவிட்டேன்.

கேத்தி

---

மரியே வாழ்க

ஸ்ரீரங்கம்
28 ஜூலை 2024, ஞாயிறு

கேத்தி,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்ததும் வருகிற புதன்கிழமையே அம்மாவின் அட்டையை வாசி. மற்றவற்றை அதற்குப் பிறகு பேசுவோம். நாள் முழுதும் நின்றுவிட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து ஒரு அட்டையில் எழுதிப் போட்டிருக்கிறாள். அதைப் போய் மறைத்து வைத்தாயே. எனக்கு உன்மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை.

இதை எழுதிவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி நடந்து வந்தேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை.

உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. மடத்தில் இருப்பதால் தெரிந்திருக்கும் என்று நினைக்காதே. நானும் தினமும் கோயிலில் உட்கார்ந்து இரண்டையும் கேட்கிறேன். இங்கேயே இருக்கவும் கேட்கிறேன், வீட்டுக்குப் போகவும் கேட்கிறேன். பெட்டி தேவைப்படவில்லை, ஒரே வாயால் கேட்கிறேன். அப்பாவின் அடுத்த விரல் என்று நீ எழுதியதிலிருந்து செபமே ஓடவில்லை. செபமாலையில் மணி நகர்கிறது, மனசு நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

சிஸ்டரிடம் போய், என்னை அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. “பதினஞ்சு நாள் வரைக்கும் வெளிய இருக்கலாம்னு சபைச் சட்டத்திலேயே இடம் இருக்கு. பத்து நாள் போய் அப்பாவைப் பாத்துட்டு வா. வரலேன்னா ஒரு போன் பண்ணு, உன் துணிமணியை அனுப்பி வைக்கிறோம்” என்றார். ஆகஸ்ட் பத்தாம் தேதி வருகிறேன். திரும்பிப் போவேனா என்று தெரியாது. அம்மாவிடம் இந்தக் கடைசி வரியைச் சொல்லாதே.

கேட்டுக்கு வெளியே நீ வந்து நின்றது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

ராணி

---

பாலக்கரை
7 ஆகஸ்ட் 2024, புதன்

அக்கா,

இது நீ கிளம்புவதற்கு முன்பு வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் எழுதியாக வேண்டும்.

உன் கடிதம் போன வியாழக்கிழமைதான் கிடைத்தது, இன்று அம்மாவின் அட்டையை வாசித்துவிட்டேன். மூன்றாவதாக வைத்து, ‘ஒரு தாய்’ என்று தொடங்கினேன். அம்மா வழக்கமாக உட்காரும் தூணுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றபோது அவள் குரலைத் தனியாகத் தேடினேன். அறுநூறு பேரில் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவளே தொடங்கினாள்.

“என் லெட்டரு நாலு வாரம் எங்கடி இருந்துச்சு?”

“அட்லஸ்ல.”

“அதான பாத்தேன். உன் லெட்டரு மட்டும் வாரா வாரம் வருது, என்னுது வரலியேன்னு.”

நான் நின்றுவிட்டேன். என்னுடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“மத்ததெல்லாம் கடகடன்னு பஸ் கண்டக்டர் மாதிரி படிக்கிற. அது வந்தா மட்டும் குரல் எறங்குது. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தே?”

“சும்மா எங்க இருந்தேன்? எல்லாரையும்விட சத்தமா ‘வேண்டிக்கொள்ளும்’னு சொன்னேன்.”

“நீ கேட்டதுக்கு எதிரால்லம்மா நான் கேட்டேன்?”

அவள் பையைத் தோள் மாற்றினாள். பிறகு, “அவ அங்க நல்லா இருக்கணும்னும் ஆசை. இங்க வந்து என் பக்கத்துல படுத்துக்கணும்னும் ஆசை. ஒரு அட்டையில ரெண்டையும் எழுதுனா மாதாவே குழம்பிடுவாங்க. ஒண்ணை நான் எழுதுனேன். இன்னொண்ணை நீ எழுதுன. நல்லதாப் போச்சு” என்றாள்.

நான் புத்தகத்திலெல்லாம் தேடினேன், அக்கா. இந்த மாதிரி எங்கேயும் இல்லை. யாராவது ஒருவர் தோற்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு பக்கமும் நின்று ஆமென் சொல்லியிருக்கிறாள்.

வையம்பட்டி வீரமலையிடமிருந்து இன்று நன்றிக் கடிதம் வந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை. ‘இன்னும் ஈரம்கூடத் தெரியவில்லை. ஆனால் இத்தனை பேர் எனக்காகக் கேட்டார்கள். என் கூடப்பிறந்தவன்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நன்றி.’ இந்த முறையும் முழு முகவரி. இதை நன்றியில் வாசிப்பதா, விண்ணப்பத்தில் வாசிப்பதா என்று ஜோஸ் ஃபாதரைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “ரெண்டுலயும் படி” என்றார்.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். என்ன பரிகாரம் தெரியுமா? இனிமேல் வாசிக்காத கடிதங்களையும் நான் மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மெதுவாகப் படிக்க வேண்டும். பரிகாரம் என்று கொடுத்தார், எனக்குப் பரிசு மாதிரி இருக்கிறது.

நீ சனிக்கிழமை வருகிறாய். என் கட்டிலில் சுவர்ப்பக்கம் உனக்கு. நான் கேட்டது கிடைக்கப்போகிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கூடவே பயமாகவும் இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

கேத்தி

---

மரியே வாழ்க

ஸ்ரீரங்கம்
25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

அன்புள்ள கேத்தி,

பஸ் ஸ்டாப்பில் உன்னிடம் சரியாகப் பேசாமல் ஏறிவிட்டேன். அதற்காகத்தான் முதலில் எழுதுகிறேன்.

வந்தபோது திரும்புவதில்லை என்ற எண்ணத்தோடுதான் வந்தேன். அப்பாவுக்குக் கட்டு மாற்றினேன். முதல் நாள் நான் போட்ட கட்டு அவிழ்ந்துவிட்டது. “அந்தச் சின்னப் பொண்ணு அவிழாம கட்டறா, நீ சாமியாரம்மா, உனக்கென்ன” என்று கேலி செய்தார். அம்மாவின் காலுக்கு வெந்நீர் வைத்தேன். வங்கியில் என் பழைய மேனேஜரைப் போய்ப் பார்த்தேன், அதை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமே சேரலாம் என்றார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஒன்பதாம் நாள் மாடியில் துணி எடுக்கும்போது நீ கேட்டாயே.

“அக்கா, இங்க ஏன் நீ பாடவே இல்ல?”

நான் கவனிக்கவே இல்லை, கேத்தி. ஒன்பது நாளும் வாய் திறந்து ஒரு வரி பாடியிருக்கவில்லை. வீட்டில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உங்களோடு இருந்தது எவ்வளவு இனிப்பு என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அங்கே நான் செய்த ஒவ்வொன்றையும், கெட்ட மகள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்தேன். அப்பாவுக்குத் தேவைப்பட்டதை நீயும் அம்மாவும் முன்பே செய்துகொண்டிருந்தீர்கள். அந்தப் பயத்தைத்தான் நான் அன்பு என்று நினைத்துக் கொண்டு வந்திருக்கிறேன்.

நீ கேட்டதும் துணிக்கூடையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கூடையிலிருந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாய். நான் என்ன முடிவு செய்வேன் என்று உனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்காக என்னை மன்னித்துவிடு.

செப்டம்பர் எட்டாம் தேதி வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

அப்பாவின் அடுத்த விரலை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. விசுவாசம் வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. ஆனால் பயத்தோடேயே முழங்கால் போட முடிகிறது. ஒரு மாதமாக ஓடாத செபம் இந்த வாரம் ஓடுகிறது. ‘இன்று அவரைப் பார்த்துக்கொள்ளும்’ என்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு நாளை கேட்கலாம்.

கோபமிருந்தால் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

ராணி

---

பாலக்கரை
4 செப்டம்பர் 2024, புதன்

அன்புள்ள அக்கா,

கோபம் இருந்தது. நான்கு நாள் இருந்தது. உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் நூலகத்துக்குப் போய் மூடும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாடியில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ இங்கேயே இருந்திருப்பாய். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் கேட்காமல் இருக்க முடியாது என்று உனக்குத்தான் தெரியுமே. அதனால் நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். உன்னை அனுப்பியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை நினைத்தால் வலிக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

இன்று நவநாளில் ஒன்று நடந்தது. நேற்று வலது கையால், என் சொந்தக் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டிருந்தேன். ‘ஒரு மாணவி. அவளுடைய அக்கா ஞாயிற்றுக்கிழமை வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். அவள் சந்தோஷமாக இருக்க வேண்டும். மாணவிக்கு அதைத் தாங்கும் மனம் வேண்டும்.’ ஜோஸ் ஃபாதர் அதைப் பார்த்துவிட்டு, “நான் வாசிக்கட்டுமா?” என்றார். நானே வாசிக்கிறேன் என்றேன்.

‘தாங்கும்’ என்ற சொல்லில் குரல் போய்விட்டது. மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வரியை எப்படி முடிப்பது என்று தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, அக்கா. தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றது. உடனே கோயில் முழுதும் சேர்ந்து சொன்னது. முதல் குரல் யாருடையது என்று இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை.

இத்தனை நாள் நான் மேலே நின்று அவர்களுக்காக வாசிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இன்று என்னால் முடியாத வரியை அவர்கள் முடித்து வைத்தார்கள். மாதாவுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று இன்னும் எனக்குத் தெரியாது. எனக்குக் கேட்டது. அடுத்த விண்ணப்பத்தை வாசிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கிளம்புகிறோம். அப்பாவுக்கு விரல் இப்போதைக்கு அப்படியே இருக்கிறது, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவரால் முன்வரிசை நெரிசலில் காலை மடக்கி உட்கார முடியாது. கடைசி பெஞ்சில் காலை நீட்டி உட்காருவார். நான் அவர் பக்கத்தில் இருப்பேன். கலைமதியும் வருகிறாள். எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் அழுவேன் என்று நினைக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டாலும் நீ திரும்பிப் பார்க்காதே, நிறுத்தாதே. உன் வார்த்தைகளைச் சத்தமாகச் சொல். கடைசி பெஞ்சுவரை வர வேண்டும்.

கேத்தி